குடிவருவதற்கு முன்

கல்யாணமாகி நான் முதன்முதலில் குடிபுகுந்த வீட்டுக்குக் கதவு இல்லை. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸைத் தாண்டி ஆற்றை நோக்கி இறங்கும் சந்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக நின்ற வீடுகளில் அது ஒன்று. பெரிய வெள்ளம் வந்து வடிந்த மறு வருஷம் அது. வாசலில் மர நிலை மட்டும் நின்றது. அதன் குறுக்கே ஒரு கோணிச் சாக்கைத் தொங்கவிட்டிருந்தார் என் வீட்டுக்காரர். கிள்ளானிலிருந்து என்னைக் கொண்டுவந்து விட வந்த அப்பா அந்தச் சாக்கை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். தரையெல்லாம் மரச்சீவல். சுவரில் என் தோள் உயரத்துக்கு வெள்ளத்தின் சேற்றுக் கறை. ஒரு மூலையில் பலகைகள் அடுக்கியிருந்தன. அந்த அடுக்கின் மேல் பாய் விரித்திருந்தது.

"இங்கயா?" என்றார் அப்பா.

"இப்போதைக்கு இங்கதான் மாமா. இந்த வீடு முடிஞ்சதும் அடுத்த வீட்டுக்குப் போயிருவோம்."

அப்பா சாக்கை மறுபடியும் இழுத்துவிட்டார். அவர் கிள்ளானில் ரயில்வே கேட் காவலாளி. எனக்கு அம்மா இல்லை. கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்திருந்தேன். தையல் தெரியும். மாப்பிள்ளை மரவேலையும் பெயின்ட் வேலையும் தெரிந்தவர், கோயிலுக்கு ஒழுங்காக வருகிறவர், குடிக்காதவர் என்று பங்குச் சாமியார் சொன்னதை நம்பி அப்பா தலையாட்டிவிட்டார். அதில் ஒன்றும் பொய்யில்லை. அன்று சாயங்கால ரயிலுக்கு அப்பா கிளம்பிப் போனதும், நான் விளக்குமாறு தேடி எடுத்து மரச்சீவலைக் கூட்டத் தொடங்கினேன். "கூட்டாத புள்ள, நாளைக்கும் விழும்" என்றார் அவர். அதுதான் அவர் என்னோடு தனியாகப் பேசிய முதல் பேச்சு.

அந்த வரிசை வீடுகள் ஒரு யாழ்ப்பாணத்துக்காரருக்குச் சொந்தம். ரயில்வே ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து பென்ஷன் வாங்கியவர். ஐயா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். வெள்ளத்தில் மூழ்கிய வீடுகளை வாங்க எல்லோரும் பயந்துகொண்டிருந்தபோது அவர் மட்டும் ஒவ்வொன்றாக வாங்கினார். பழுது பார்த்து வாடகைக்கு விடுவது அவர் எண்ணம். சுவர், ஓடு, சாக்கடை இதெல்லாம் சீன மேஸ்திரியின் ஆட்கள் செய்துவிட்டுப் போவார்கள். அவர்கள் போன பிறகுதான் எங்கள் வேலை ஆரம்பம். கதவு தொங்கவிடுவது, நிலையைச் சுற்றிப் பட்டைச் சட்டம் அடிப்பது, சுவரும் தரையும் சேரும் இடத்தில் அடிப்பலகை ஓட்டுவது, ஜன்னல் கண்ணாடிக்கு பீடிங் என்கிற மெல்லிய சட்டம் வைப்பது, ஆணிக்குழிகளைப் பட்டி வைத்து அடைப்பது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, அதன்மேல் பெயின்ட் அடிப்பது. வீடு என்று பார்த்தால் அது ஏற்கனவே கட்டி நிற்கும். அதைப் பார்க்கிறவனுக்குப் பிடிக்கும்படி செய்வதுதான் எங்கள் பங்கு.

ஐயா அதை வேறு மாதிரி சொல்லுவார். "வாடகைக்கு வாறவன் கூரையைப் பாக்கிறானோ? சாக்கடையைப் பாக்கிறானோ? கதவில கையை வைப்பான். அது சத்தமில்லாமல் திறந்துதெண்டால் வீடு பிடிச்சுப் போச்சு."

மரமும் பெயின்ட் டின்களும் திருட்டுப் போகாமல் இருக்க, வேலை நடக்கிற வீட்டிலேயே நாங்கள் படுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. வாடகை கிடையாது. அதனால் என் குடித்தனம் முழுக்க வேலை முடியாத வீடுகளிலேயே நடந்தது. கதவு வந்து, ஜன்னல் வந்து, சுவர் வெளுத்து, ஒரு வீடு வீடாக ஆனதும் எங்களுக்கு அங்கே இடமில்லை. பாய், அடுப்பு, இரண்டு பானை, மாதா படம், கருவிப்பெட்டி எல்லாவற்றையும் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போவோம். சில சமயம் பக்கத்து வாசலே அடுத்த வீடாக இருக்கும். அப்போது வண்டி கூட வேண்டாம், கையிலேயே தூக்கிக்கொண்டு போய்விடலாம். அங்கே மறுபடியும் சேற்றுக் கறை, மறுபடியும் சாக்கு.

நான் வேலையில் இறங்கியதை யாரும் தீர்மானிக்கவில்லை. வீட்டில் சும்மா உட்கார இடமில்லை, அதனால் கையில் உப்புத்தாளை எடுத்தேன். பழைய பெயின்ட் உரிந்து கிடக்கும் ஜன்னல்களைத் தேய்த்தால் வெள்ளையாகத் தூள் பறக்கும். தலைமுடி, புருவம், சோற்றுப்பானையின் மூடி, எல்லாவற்றின் மேலும் படியும். என்னைப் பார்த்து என் வீட்டுக்காரர், "கெழவியாயிட்ட" என்று சிரிப்பார். அவர் சிரிப்பது அபூர்வம். பேச்சும் குறைவுதான். நிலையின் மேல் மூலையில் இரண்டு சட்டங்களைச் சாய்வாக வெட்டிச் சேர்க்கும்போது நகம் நுழைகிற அளவு கூட இடைவெளி இல்லாமல் உட்கார்ந்துவிட்டால் நாக்கைச் 'ச்' என்று தட்டுவார். அந்த ஒரு சத்தத்தில் அவருக்கு அன்றைய நாள் நல்ல நாள் என்று எனக்குத் தெரிந்துவிடும். சீன ஆட்கள் கூட அவரை 'துக்காங்', கைதேர்ந்த தொழிலாளி, என்று மரியாதையோடு கூப்பிடுவார்கள்.

பெயின்ட் அந்தக் காலத்தில் இப்போது போலத் திறந்தவுடன் அடிக்கிற மாதிரி வராது. களிம்பு போன்ற வெள்ளைப் பசை டின்னில் வரும். அதில் ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் ஊற்றிக் கையாலேயே கட்டி உடைத்துக் கலக்குவார். கரண்டியால் கலக்கினால் கட்டி தெரியாது என்பார். சாப்பாட்டு நேரத்தில் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு சோற்றில் கை வைப்பார். நகக்கண்ணில் வெள்ளை இருக்கும். எனக்கும் இருக்கும். அது எங்களுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

முதல் பிள்ளை வயிற்றிலேயே ஆறாம் மாதத்தில் போயிற்று. இரண்டாவது அவ்வளவு மாதம் கூடத் தங்கவில்லை. முதல் தடவை சந்தின் கோடியிலிருந்த மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு, "கதவில்லாத வீட்டுல புள்ளத்தாச்சிய வச்சிருந்தா காத்துக் கருப்பு வராம என்ன செய்யும்?" என்று அவரிடம் சண்டை போட்டாள். அவர் அன்றே வேலையை நிறுத்திவிட்டு, அந்த வீட்டின் வாசலுக்கு அவசரமாக ஒரு கதவைத் தொங்கவிட்டார். பட்டி கூட வைக்காத, பெயின்ட் அடிக்காத வெறும் பலகைக் கதவு. இரண்டாவது தடவை வாசலில் கதவும் இருந்தது. அதனால் கதவைக் குறை சொல்லவும் வழியில்லை.

அதற்குப் பிறகுதான் ரப்பர் விலை விழுந்தது. எஸ்டேட்டுகளிலிருந்து ஆட்கள் மூட்டையோடு டவுனுக்கு வந்து கடைகளுக்கு முன்னாலிருந்த அஞ்சடி நடைபாதையில் படுத்துக் கிடந்தார்கள். ரயில்வேயிலும் ஆள் குறைத்தார்கள். ஐயாவின் வீடுகளில் குடியிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காலி செய்துகொண்டு போனார்கள். அந்தச் சமயத்தில் நாங்கள் முடித்திருந்த மூலை வீட்டுக்கு யாரும் வரவில்லை. அடுத்த வீட்டை எடுக்கவும் ஐயாவுக்கு மனமில்லை. "ஆள் வருமட்டும் அங்கேயே இருங்கோ. வீடு பூட்டிக் கிடந்தால் பழுதாப் போகும்" என்றார்.

நாங்கள் வேலை முடிந்த ஒரு வீட்டில் வாழ்ந்தது அந்தச் சில மாதங்கள்தான். ஜன்னலுக்குப் பச்சை, நிலைக்கு வெள்ளை, உள்சுவருக்கு இளநீலச் சுண்ணாம்பு. கோதுமை மாவு மூட்டைத் துணியைத் துவைத்து ஓரம் மடித்துத் தைத்து ஜன்னலுக்குத் திரை போட்டேன். கீரைக்காரி வாசலில் வந்து நின்று என்னை "கிராணியம்மா" என்று கூப்பிட்டாள். நான் திருத்தவில்லை. இரண்டு மூன்று முறை வந்த பிறகு அவளுக்கே விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் அப்படியே கூப்பிட்டாள்.

அவருக்குத்தான் அந்த வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. காலையில் எழுந்ததும் எந்த இடத்தில் தூரிகைத் தடம் தெரிகிறது, எந்த மூலையில் பட்டி சுருங்கியிருக்கிறது என்று தேடுவார். கண்டுபிடித்ததும் அதை உப்புத்தாளால் தேய்த்து மறுபடியும் அடிப்பார். "யாருமே வராத வீட்டுக்கு எத்தன தடவதான் அடிப்பீங்க?" என்று கேட்டேன். "வந்தா பாப்பாங்கல்ல" என்றார். அந்த மாதங்களில்தான் அவருக்கு வயிற்றுவலி ஆரம்பித்தது. திடீரென்று பிடிக்கும். தரையில் முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்துவிடுவார். முகம் சாம்பல் நிறமாகிவிடும். சோம்புத் தண்ணீர், விளக்கெண்ணெய், எதற்கும் கேட்கவில்லை. வலி போனதும் எழுந்து மறுபடியும் டின்னைத் திறப்பார்.

கடைசியில் தபால் ஆபீசில் வேலை பார்க்கிற ஒருவர் குடும்பத்தோடு வீடு பார்க்க வந்தார். ஐயா சொன்னது போலவே அந்த ஆள் முதலில் கதவில்தான் கை வைத்தார். அவருடைய மனைவி என் திரையைத் தொட்டுப் பார்த்து, "இது வீட்டோட சேந்ததா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதை அவிழ்த்து மடித்து எடுத்துக்கொண்டு, ஜன்னலே இல்லாத அடுத்த வீட்டில் எங்கே போடுவது?

அந்த அடுத்த வீட்டில்தான் அவர் கை போனது. காலையில் காப்பிக் குவளையை எடுத்தார். அது கையிலிருந்து சரிந்து தரையில் விழுந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தோம். சில நாளில் வலது கையை முன்னால் நீட்டினால் மணிக்கட்டுக்குக் கீழே கை அப்படியே தொங்கியது. விரலை மடக்க முடியும், பிடிக்க முடியும். ஆனால் கையை மேலே தூக்க முடியாது. வலி இல்லை. வலி இல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. செந்தூலில் ஒரு வைத்தியர் தைலம் கொடுத்தார். பாசார் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மலாய்க்காரக் கிழவர் நரம்பை நீவிவிட்டார். தூரிகையை அவர் உள்ளங்கையில் வைத்து நான் துணியால் சுற்றிக் கட்டிப் பார்த்தேன். நிமிராத கையால் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுக்க முடியுமா? பெயின்ட் வழிந்து முழங்கைக்குப் போயிற்று.

ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னது அப்பா. அங்கே நீண்ட நேரம் பெஞ்சில் காத்திருந்த பிறகு டாக்டருக்கு அடுத்தபடியாக நோயாளிகளைப் பார்க்கிற டிரஸ்ஸர் ஒருவர் எங்களைக் கூப்பிட்டார். அவர் கையைத் தொடவே இல்லை. முதலில் வாயைத் திறக்கச் சொன்னார். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் மெல்லிய நீலக்கோடு ஓடியது. வருஷக்கணக்காக ஒரே பாயில் படுத்து எழுந்த நான் அதைப் பார்த்ததே இல்லை.

"பெயின்ட் வேலையா?" என்றார் டிரஸ்ஸர்.

"ஆமாங்க."

"அந்த வெள்ளைப் பெயின்ட்டுல ஈயம் இருக்கு. அதுதான் உடம்புல ஏறியிருக்கு."

"ஈயமா? பாத்திரத்துக்குப் பூசற ஈயமா?" என்று இவர் கேட்டார்.

"அது வேற. இது காரீயம், விஷம். இனிமே அந்த டின் பக்கமே போகக் கூடாது. போனா அடுத்த கையும் விழுந்துரும்."

"போகாம இருந்தா கை வந்துருங்களா?"

"வரலாம். வராமலும் போகலாம். நாளாகும்."

பிறகு டிரஸ்ஸர் என்னைப் பார்த்தார். என் நகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "நீயும் அதே வேலையாம்மா?"

"கூடமாட ஒத்தாசை செய்வேன்."

"புள்ளைங்க?"

"தங்கல."

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டு, மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினார். வெளியே வந்து மரத்தடியில் நின்றபோதுதான் டிரஸ்ஸர் ஏன் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார் என்று எனக்கு உறைத்தது. இவருக்கும் உறைத்திருக்கும். எங்களுக்குள் அந்தப் பேச்சு வந்ததே இல்லை.

டின் பக்கம் போகாதே என்றால் எங்கே போவது? அந்த வருஷம் வேலை இல்லாத தச்சர்கள் டவுனில் எவ்வளவோ பேர். ஐயாவுக்குத் தெரிந்தால் வேறு ஆள் வைப்பார். வேலை போனால் கூரையும் போகும். அப்பா இருந்த கேட் குடிசையில் ஒரு ஆள்தான் காலை நீட்டிப் படுக்க முடியும். நான் என் வீட்டுக்காரரின் பழைய சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டேன். ஒரு துணியால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டேன். தூரிகையை எடுத்தேன். அவர் தடுக்கவில்லை.

அவர் ஒரு கள்ளிப்பெட்டி மேல் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பார். நான் செய்வேன். மூலை வெட்டு எனக்குப் பிடிபடப் பல பலகைகள் வீணாயின. பார்த்துப் பார்த்து மனசுக்குப் பழகிய வேலைதான், கைக்குத்தான் பழகவில்லை. ஐயா வருவதற்கு முன்னால் அவருடைய குடையின் நுனி அஞ்சடியில் தட்டுகிற சத்தம் கேட்கும். உடனே தூரிகையை இவர் இடது கையில் கொடுத்துவிட்டு நான் விளக்குமாற்றை எடுத்துக்கொள்வேன். ஐயா உள்ளே வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார். இப்படியே ஒரு வீடு முடிந்தது. இன்னொன்றும் பாதி முடிந்தது.

ஒரு நாள் காலை ஐயா வந்தவர் போகவில்லை. ஜன்னல் கண்ணாடியில் பெயின்ட் கொஞ்சம் ஏறியிருந்ததைப் பார்த்துவிட்டார்.

"இஞ்ச பாரும், இந்த ஓரத்தை ஒருக்கா நேராக்கி விடும். நான் நிண்டு பாக்கிறன்."

என் வீட்டுக்காரர் தூரிகையை வலது கைக்கு மாற்றினார். பிறகு இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, தூரிகையைக் கண்ணாடியின் ஓரத்துக்குக் கொண்டுபோனார். முக்கால் ஜன்னல் தூரம் கூட வரவில்லை. தூரிகை நழுவி ஐயாவின் வெள்ளை வேட்டியில் பட்டுத் தரையில் விழுந்தது. நான் ஓடிப்போய் மண்ணெண்ணெய்த் துணியை எடுத்தேன். ஐயா வேட்டியைப் பார்க்கவில்லை, தொங்குகிற கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு காலமா இப்பிடி?"

"மழைக்கு முந்தியிருந்துங்க ஐயா" என்றேன் நான்.

"அப்ப இந்த வேலையெல்லாம் ஆர் செய்தது?"

சொல்லாமல் இருக்க முடியவில்லை. "நான்தாங்க ஐயா."

ஐயா திரும்பி அறையைச் சுற்றிப் பார்த்தார். நிலைக்குப் பக்கத்தில் போய் மேல் மூலையை அண்ணாந்து பார்த்தார். அடிப்பலகையைக் குனிந்து பார்த்தார். எங்களை வெளியே அனுப்பப் போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

"வேலை நல்லாத்தான் கிடக்கு. பிள்ளையே செய்யட்டும்" என்று என்னைக் காட்டிச் சொன்னார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு உயிர் வந்தது. மாதா படத்துக்கு முன்னால் போய் நின்று கும்பிட்டேன். திரும்பிப் பார்த்தபோது அவர் கள்ளிப்பெட்டியில் உட்கார்ந்திருந்தார். தரையில் கிடந்த தூரிகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா கோவிச்சுக்கல. அதுவே பெருசுங்க" என்றேன்.

"ஆமா" என்றார். பிறகு, "நல்லாத்தான் கிடக்குன்னுட்டாரே" என்றார்.

வேலை நிலைத்ததை நினைத்துத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவர் நான் வேலை செய்யும் இடத்தில் உட்காரவில்லை. காலையில் எழுந்து ஆற்றங்கரைக்குப் போய்விடுவார். அங்கே வேலையில்லாத எஸ்டேட் ஆட்கள் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். பொழுது சாயும்போது வருவார். வந்ததும் அன்றைக்கு நான் செய்த வேலையை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஆரம்பத்தில், "இங்க ஒரு மயிரிழை நிக்குது", "இந்த ஆணி தல தூக்கியிருக்கு" என்று காட்டுவார். மறுநாள் அதைச் சரிசெய்துவிடுவேன். நாளாக ஆக அவர் காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. அப்போதும் பார்ப்பார். பார்த்துவிட்டுப் பாயில் போய்ப் படுத்துக்கொள்வார். வேண்டுமென்றே ஒரு இடத்தைக் கோணலாக விட்டுவைக்கலாமா என்று கூட எனக்குத் தோன்றியது. ஆனால் அதையும் அவர் கண்டுபிடித்துவிடுவார்.

ஆற்றங்கரைப் பேச்சில்தான் கப்பல் விஷயம் வந்தது. வேலை இல்லாத தமிழாட்களை அரசாங்கம் காசு வாங்காமல் ஊருக்கு ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. இவர் இளவயதில் எஸ்டேட் ஆளாகக் கப்பலேறி வந்தவர். வந்த பிறகு துரை பங்களாவுக்குக் கதவு ஜன்னல் பார்த்த தச்சரிடம் வேலை பழகி டவுனுக்கு வந்திருந்தார். நாகப்பட்டினத்துப் பக்கம் ஒரு அக்கா இருந்தாள்.

"வேளாங்கண்ணி மாதா கோயிலு பக்கம். ஆறு மாசம் அங்க இருந்து வைத்தியம் பாத்துட்டு வந்துர்றேன்" என்றார்.

"நானும் வரேங்க."

"நீ எதுக்கு? நீ இங்க பொறந்தவ. உன்னய எப்படி ஏத்துவான்? அக்கா வீட்டுல ஒரு ஆளு படுக்கறதே கஷ்டம்."

"அப்ப நான் தனியா இங்க என்ன செய்யறது?"

"அதான் வேலை இருக்குல்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டுத் தடுத்திருப்பேன்.

போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு நானும் ரயிலில் போனேன். கிள்ளான் கேட்டைத் தாண்டும்போது அப்பா பச்சைக் கொடியோடு வெளியே நின்றார். ரயில் நிற்காது என்பதால் கொடியை மட்டும் ஆட்டினார். துறைமுகத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கை நாடி பார்த்து, பெயரைக் கூப்பிட்டு உள்ளே விட்டார்கள். எல்லோரும் தகரப் பெட்டியையும் பாயையும் தலையில் வைத்திருந்தார்கள். இவரால் வலது கையால் பெட்டியைப் பிடித்துத் தலையில் நிறுத்த முடியவில்லை. முன்னால் நின்ற ஒரு பெண் தன் கையிலிருந்த குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, அவர் பெட்டியைச் சும்மாட்டின் மேல் தூக்கி வைத்தாள். பிறகு குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"மருந்து ஒழுங்கா சாப்புடுங்க" என்றேன்.

"மூஞ்சியில துணி கட்டாம தேய்க்காத" என்றார்.

வரிசை நகர்ந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் போன பிறகு அவர் திரும்பிப் பார்த்திருக்கலாம். பெட்டிகளும் பாய்களும் மறைத்துவிட்டன.

ஆறு மாதம் என்றார். அது போயிற்று, இன்னொரு ஆறு மாதமும் போயிற்று. அக்கா வீட்டுக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. நான் வேலையை விடவில்லை. ஒரு பொம்பளை ஏணியில் ஏறி நிற்கிறாள் என்று சந்தில் நின்று பார்ப்பார்கள். நாளாக நாளாகப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். எனக்கும் சில நாள் வயிற்றைப் பிடிக்கும். அப்போதெல்லாம் கண்ணாடிச் சில்லை எடுத்து உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்துக்கொள்வேன். கோடு இருக்கிற மாதிரியும் தெரியும், இல்லாத மாதிரியும் தெரியும். ஐயா வருவார், "பிள்ளை, தகவல் ஏதும் வந்ததோ?" என்று கேட்பார். வரவில்லை என்பேன். "வரும்" என்பார். அவர் நல்ல மனுஷர்தான். தூரிகை விழுந்த அன்றைக்கு அவர் திட்டியிருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் நல்லதாக இருந்திருக்குமோ என்று நினைத்துக்கொள்வேன்.

ரப்பர் விலை ஏறியதும் கப்பல்கள் மறுபடியும் ஆளை ஏற்றிக்கொண்டு வரத் தொடங்கின. ஆற்றங்கரையில் இவரோடு உட்கார்ந்திருந்த ஒருவர் திரும்பி வந்தார். என்னைத் தேடிக்கொண்டு சந்துக்கு வந்தார். நான் ஒரு அறையின் அடிப்பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணனப் பாத்தேன் தங்கச்சி" என்றார்.

எனக்குச் சுத்தியலைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. "எங்கண்ணே?"

"கோயிலுக்குப் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துல காவலுக்கு இருக்காரு. மணி அடிக்கிறாரு."

"மணி அடிக்கிறாரா? எந்தக் கையாலண்ணே?"

அவருக்கு நான் கேட்பது புரியவில்லை. யோசித்துப் பார்த்தார். "எந்தக் கைன்னு பாக்கலயே. ரெண்டு கையும் நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கு டீத் தண்ணி வாங்கி, அவரே ஆத்திக் குடுத்தாரு."

அப்போது எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. இதை நான் சொல்லியாக வேண்டும். வேறு எதுவும் தோன்றுவதற்கு முன்னால் சந்தோஷம்தான் வந்தது. கை வந்துவிட்டது. டிரஸ்ஸர் சொன்னது போல டின் பக்கம் போகாமல் இருந்ததால் வந்துவிட்டது.

"எப்ப வராராம்?" என்று கேட்டேன்.

வந்தவர் அடிப்பலகையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "நானும் கேட்டேன் தங்கச்சி. 'அங்க வேலையெல்லாம் அவ பாத்துக்கறா, நான் போயி என்ன செய்யப் போறேன்'னாரு. நல்லாருக்கியான்னு கேக்கச் சொன்னாரு."

"நல்லாருக்கேன்னு சொல்லுங்க" என்றேன். வந்தவர் திரும்பி ஊருக்குப் போகப் போவதில்லை, இங்கேயே எஸ்டேட்டுக்குப் போகிறார் என்பது சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது. காப்பி குடிக்கச் சொன்னேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

மறுபடி ஒரு கடிதம் எழுதினேன். கை சரியானது கேட்டு மகிழ்ச்சி, இங்கே ஒரு இடத்தில் மூலை வெட்டு எனக்குச் சரியாக வரவில்லை, நீங்கள் வந்து பார்த்தால் நல்லது என்று எழுதினேன். அது பொய் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அதற்கும் பதில் வரவில்லை.

ஐயாவுக்குப் பிறகு அவருடைய மகன் வீடுகளைக் கவனிக்க வந்தார். காண்டிராக்டர் ஒருவரை ஆட்களோடு அமர்த்திக்கொண்டார். என்னை யாரும் விரட்டவில்லை. கடைசியாக முடித்த வீட்டுக்குக் குடித்தனக்காரர்கள் வந்த அன்று, போவதற்கு அடுத்த வீடு இல்லை, அவ்வளவுதான். அப்பாவுக்கு அப்போது பார்வை குறைந்து வேலை போயிருந்தது. கிள்ளானுக்குப் போய் இரண்டு பேரும் கோயிலுக்குப் பின்னால் ஒரு அறையில் இருந்தோம். நான் கான்வென்டில் துணி தைத்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே நிற்கும்போது, "வீட்டுக்காரரு எங்கே?" என்று யாராவது கேட்பார்கள். "ஊர்ல இருக்காரு" என்பேன். அதில் பொய் ஒன்றுமில்லை.

பிறகு யுத்தம் வந்து கப்பல் நின்றது. யுத்தம் முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியபோது, அங்கிருந்து வந்தவர்களில் அவரைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. புருஷனை இழந்தவள் கட்டுகிற கறுப்புப் புடவையைக் கட்டலாமா, வேண்டாமா என்று சாமியாரிடம் கேட்டேன். உறுதியாகத் தெரியாமல் கட்டக் கூடாது என்றார். அதனால் கட்டவில்லை. எந்த வருஷத்திலிருந்து நான் விதவை என்பது எனக்குத் தெரியாது.